ஆசிரியர் வெளியே நின்ற சில நிமிடங்கள்

அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் கொலம்பியா என்றொரு சிறிய ஊர் இருக்கிறது. மிசிசிப்பி ஆற்றைக் கடந்தால் செயின்ட் லூயிஸ் நகரம். 2006-இல் அந்த ஊர் நடுநிலைப் பள்ளியின் ஆறாம் வகுப்பில், சமூக அறிவியல் பாடவேளையில், ஒரு புது வழக்கம் வந்தது. ஆசிரியர் பேட்ரிஸ் பெய்ன் சில நிமிடங்களுக்கு வகுப்பை விட்டு வெளியே போய்விடுவார். பூஜா அகர்வால் என்ற ஆய்வு உதவியாளர் முன்னால் நின்று, திரையில் ஸ்லைடுகளை ஒவ்வொன்றாகப் போட்டு வாசிப்பார். எகிப்து, மெசொப்பொத்தாமியா, பழைய இந்தியா, சீனா என்று அவர்களுடைய பாடப் புத்தகத்திலிருந்தே கேள்விகள் வரும். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு சின்னக் கருவி, பார்ப்பதற்கு ரிமோட் மாதிரி இருக்கும். கிளிக்கர் என்று சொல்வார்கள். ஏ, பி, சி, டி என்று ஒன்றை அழுத்த வேண்டும். எல்லோரும் அழுத்தி முடித்ததும் சரியான விடை திரையில் தெரியும். அதோடு சரி. அந்த மதிப்பெண் எங்கேயும் ஏறாது, வீட்டுக்கும் போகாது.

கல்வியில் டிஜிட்டல் தொழில்நுட்பம் என்று பேச்செடுத்தால் நம் கண்முன் வருபவை ஸ்மார்ட் போர்டும் டேப்லெட்டும் காணொளிப் பாடங்களும்தான். அவற்றோடு ஒப்பிட்டால் இந்தக் கிளிக்கர் மிக எளிய பொருள். ஆனால் மனித நினைவைப் பற்றி உளவியல் கண்டறிந்த ஒன்றை, ஓர் உண்மையான பள்ளியில், உண்மையான பாடத்தில், உண்மையான தேர்வில் வைத்துப் பார்க்க உதவியது அதுதான். இத்தனை ஆண்டுகள் கழித்தும் இந்த நிகழ்வை எடுத்துப் பேசத் தோன்றுவது அதனால்தான்.

ஆய்வுக்கூடத்தில் தெரிந்திருந்தது

ஆற்றின் அந்தப் பக்கம், செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், மார்க் மெக்டேனியல் என்று இரண்டு உளவியலாளர்கள். கொலம்பியா வகுப்பறை ஆய்வு இவர்கள் குழுவினுடையது. அதே 2006-இல் ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் சேர்ந்து ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சிறு உரைநடைப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை, கொடுத்த நான்கு பொழுதுகளிலும் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு முதல் பொழுதில் மட்டும் படித்துவிட்டு, மற்ற மூன்றிலும் பக்கத்தை மூடிவைத்து நினைவில் இருப்பதை எழுதிப் பார்த்தது.

ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, நான்கு முறையும் படித்தவர்கள் 83 சதவீதம் சொன்னார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 71. படித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்தவர்களிடம் மிஞ்சியது 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களிடம் 61.

இந்த எண்களை முதலில் பார்த்தபோது எனக்கு என் மாணவர்கள் ஒவ்வொருவராக ஞாபகத்துக்கு வந்தார்கள். தேர்வுக்கு முந்தின இரவு வண்ணப் பேனாவால் அடிக்கோடு போட்டு, பாடத்தை ஐந்து முறை வாசித்துவிட்டு, "எல்லாம் தெரியும் சார்" என்று நம்பிக்கையோடு வருவார்கள். மறுநாள் காலையில் அவர்களுக்கு அது தெரிந்தும் இருக்கும். அடுத்த மாதம் கேட்டால் இருக்காது. அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதற்கும் அதே ஆய்வில் தடயம் இருக்கிறது. ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிகமாகச் சொன்னவர்கள் நான்கு முறையும் படித்த குழுவினர்தான். மீண்டும் மீண்டும் வாசிக்கும்போது வரிகள் கண்ணுக்குப் பழகிப்போகின்றன, வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. அந்தப் பழக்கத்தை நாம் அறிவு என்று எடுத்துக்கொள்கிறோம். மூடிவைத்து நினைவுகூர்வது கடினம், தடுமாற வைக்கும், ஒன்றும் தெரியவில்லையே என்று கலங்கவும் வைக்கும். அப்படிக் கடினமாக இருப்பதுதான் நினைவை உறுதிப்படுத்துகிறது.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1939-இலேயே ஹெர்பர்ட் ஸ்பிட்சர் என்பவர் அயோவா மாநிலத்தில் 91 பள்ளிகளைச் சேர்ந்த 3,605 ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்திருக்கிறார். படித்த உடனே ஒரு சிறு தேர்வு வைத்தால் மறதி குறைகிறது, மறந்துபோன பிறகு வைக்கும் தேர்வால் அவ்வளவு பயன் இல்லை என்பது அவர் கண்டது. எழுபது ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி ஏன் வகுப்பறைக்குள் வரவில்லை? இந்தக் கேள்விக்குப் பின்னால் வருகிறேன்.

பள்ளிக்குள் போனபோது

ஆய்வுக்கூடத்தில் நடப்பது பள்ளியில் நடக்கும் என்று சொல்ல முடியாது. கூலி வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காரும் கல்லூரி மாணவர் வேறு, நண்பனோடு பேசிக்கொண்டே ஜன்னலைப் பார்க்கும் பதினொரு வயதுப் பிள்ளை வேறு. கொலம்பியா பள்ளியின் தலைமையாசிரியர் ராஜர் சேம்பர்லெய்ன் போட்ட நிபந்தனையும் நியாயமானது: ஆய்வு வகுப்பைக் குலைக்கக் கூடாது. பாடத்திட்டம் மாறவில்லை. புத்தகம் மாறவில்லை. கற்பிக்கும் முறையும் தேர்வுத் தாளின் வடிவமும் மாறவில்லை. இடையிடையே அந்தச் சில நிமிடச் சிறு தேர்வு மட்டும் சேர்ந்தது.

அந்தச் சில நிமிடங்களை அவர்கள் அமைத்த விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த ஆய்வின் நேர்மை அதில்தான் இருக்கிறது.

பாடப் பொருளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மட்டும் சிறு தேர்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒரே பொருளுக்கு மூன்று தடவை தேர்வு. பிள்ளைகள் வீட்டில் வாசித்துவிட்டு வந்திருப்பார்கள், ஆசிரியர் இன்னும் நடத்தியிருக்க மாட்டார். அப்போது முதல் தேர்வு. நடத்தி முடித்ததும் இரண்டாவது. பெரிய தேர்வுக்கு 24 மணி நேரம் முன்னால் மூன்றாவது. ஆசிரியர் வெளியே போனதற்குக் காரணம் இதுதான்: எந்தக் கேள்விகள் வந்தன என்று தெரிந்தால் தன்னை அறியாமலேயே அந்தப் பகுதியை அழுத்தி நடத்திவிடுவார். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

இன்னொரு ஆட்சேபம் எழலாம். கேட்கப்பட்ட பகுதியைப் பிள்ளைகள் கூடுதலாக மூன்று முறை பார்த்துவிட்டார்கள், அதனால்தான் நினைவில் நின்றது, கேள்வி கேட்டதால் அல்ல என்று ஒருவர் சொல்லலாம். அதற்கும் வழி செய்தார்கள். கேள்விகளுக்கு நடுவே சில ஸ்லைடுகளில் கேள்வியே இருக்காது. நைல் நதிக்கு வெள்ளை நைல், நீல நைல் என்று இரு பெரிய கிளையாறுகள் உண்டு என்பதுபோல விடையே வாக்கியமாக இருக்கும். பிள்ளைகள் அதை வாசித்தால் போதும். ஒரு வகுப்புக்குக் கேள்வியாக வந்த செய்தி இன்னொரு வகுப்புக்கு வாக்கியமாக வந்தது. ஆக, ஒரே பிள்ளையின் தலைக்குள்ளேயே மூன்று விதமான பாடம் இருந்தது: கேள்வியாகச் சந்தித்தது, வாக்கியமாகத் திரும்ப வாசித்தது, சும்மா விட்டது. ஒரு வகுப்பையும் மற்றொரு வகுப்பையும் ஒப்பிடும்போது வரும் சிக்கல்கள் இதில் வராது.

மூன்று பருவங்கள் இது நடந்தது. கேள்வியாகச் சந்தித்த பகுதியில் பிள்ளைகள் எடுத்த மதிப்பெண், சும்மா விட்ட பகுதியைவிட ஒரு முழு கிரேடு (ஏ, பி, சி என்ற தரநிலையில் ஒரு படி) மேலே இருந்தது. திரும்ப வாசித்த பகுதி? சும்மா விட்டதற்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. ரிவிஷன் என்ற பெயரில் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் வேலை, அந்த வகுப்பில், எதையும் கூட்டவில்லை.

அடுத்த ஆண்டு எட்டாம் வகுப்பு அறிவியலுக்குப் போனார்கள். மரபியல், பரிணாமம், வேதியியல். சிறு தேர்வில் வராத பகுதியில் சராசரி 79 சதவீதம், வந்த பகுதியில் 92. ஆண்டு இறுதித் தேர்வில், எட்டு மாதம் கழித்தும், அந்த இடைவெளி மறையவில்லை. மூன்று சிறு தேர்வுகளையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தபோது, பெரிய தேர்வுக்குச் சற்று முன்னால் வைப்பதுதான் அதிகப் பலன் தந்தது. பாடத்துக்கு முன்னால் வைக்கும் தேர்வு மட்டும் போதும் என்று யாராவது நினைத்தால் இந்த முடிவைப் பார்க்க வேண்டும்.

கருவியின் பங்கு எது

இப்போது அந்தப் பழைய கேள்வி. 1939-இலேயே தெரிந்தது ஏன் எழுபது ஆண்டுகள் காகிதத்திலேயே கிடந்தது?

தாள் திருத்திய எவருக்கும் இதற்கு விடை தெரியும் என்று நினைக்கிறேன். நாற்பது பிள்ளைகள், ஒவ்வொரு பாடத்துக்கும் மூன்று சிறு தேர்வு. நான்கு வகுப்புகள் எடுக்கும் ஆசிரியர் தினமும் ஒரு கட்டுத் தாளை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். திருத்திக் கொடுக்க மூன்று நாள் ஆகும். அதற்குள் பிள்ளை தான் என்ன எழுதினோம் என்பதையே மறந்திருக்கும். சரி, எழுத்து வேண்டாம், வாயால் கேட்கலாம் என்றால், கேள்விக்கு ஒரு பிள்ளைதான் விடை சொல்லும். கையைத் தூக்குவது எப்போதும் அதே நான்கு பேர். மற்ற முப்பத்தாறு பேரும் அந்த நேரத்தில் எதையும் நினைவுகூரவில்லை, பக்கத்துப் பிள்ளை சொன்னதைக் கேட்டார்கள். அதாவது திரும்ப வாசித்தவர்களின் நிலைதான் அவர்களுக்கும்.

கிளிக்கர் இந்த இடத்தில்தான் கைகொடுத்தது. ஒவ்வொரு பிள்ளையும் விடையைத் தேடியே ஆக வேண்டும், ஒளிந்துகொள்ள இடமில்லை. அதே சமயம் தவறாக அழுத்தியவர் யார் என்று வகுப்புக்குத் தெரியாது, சிரிக்க ஆளில்லை. விடை அந்த நிமிடமே வந்துவிடும். இந்தக் கடைசி விஷயம் பார்வைக்குச் சிறியது, ஆனால் மிக முக்கியம். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வு செய்யும் தேர்வுகளில் ஓர் ஆபத்து உண்டு. தவறான விடைகளும் நம்பும்படியாகத்தான் எழுதப்பட்டிருக்கும். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிள்ளை, திருத்தம் கிடைக்காவிட்டால், அந்தத் தவறையே உண்மையாகக் கற்றுக்கொண்டுவிடும். ரோடிகரும் எலிசபெத் மார்ஷும் 2005-இல் இதைக் காட்டியிருந்தார்கள். உடனே திருத்துவதால் அந்த ஆபத்து பெருமளவு அடங்குகிறது.

கருவி செய்தது அவ்வளவுதான். அதே குழுவினர் பின்னர் நான்கு விடைத் தேர்வையும், சில வார்த்தைகளில் விடை எழுதும் தேர்வையும் ஒப்பிட்டார்கள். இரண்டுமே பெரிய தேர்வில் பலன் தந்தன. சிறு தேர்வு ஒரு வடிவத்திலும் பெரிய தேர்வு வேறொரு வடிவத்திலும் இருந்தாலும் பலன் நின்றது. பிள்ளையின் மனம் விடையைத் தேடிப் போயிருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. பொத்தானை அழுத்துகிறதா பென்சிலால் எழுதுகிறதா என்பது வசதியைப் பொறுத்தது. கிளிக்கர் வாங்கப் பணமில்லாத பள்ளி இதைக் கேட்டுச் சோர்ந்துபோக வேண்டியதில்லை. நான்கு நிற அட்டைகளை ஆளுக்கொரு கட்டாகக் கொடுத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லி எல்லோரையும் ஒரே நேரத்தில் தூக்கச் சொன்னால் போதும். நான் அப்படித்தான் செய்துவருகிறேன். யார் எதைத் தூக்கினார்கள் என்று பதிவு இருக்காது, உண்மைதான். ஆனால் பாதி வகுப்பு தவறான அட்டையைத் தூக்கி நிற்பதைப் பார்த்தால், இந்தப் பாடத்தை நான் மறுபடி நடத்த வேண்டும் என்று அந்த நொடியே புரிந்துவிடுகிறது.

பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேர்வு என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கூடுதலாகத் தேர்வு வைத்தால் பயமும் கூடும் என்பதுதான் பெற்றோர் எவரும் முதலில் சொல்வது. இந்தத் திட்டத்தில் பங்கெடுத்த நடுநிலை, உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 1,408 பேரிடம் கேட்டபோது, 72 சதவீதம் பேர் பெரிய தேர்வுகளின் பதற்றம் குறைந்ததாகச் சொன்னார்கள். எனக்கு இது வியப்பாக இல்லை. மதிப்பெண் ஏறாத இடத்தில் மூன்று முறை தடுமாறி எழுந்த பிள்ளைக்கு நான்காவது முறை அந்தக் கேள்வி தெரிந்த முகமாகத்தான் தெரியும். அதனால்தான், இன்று போனில் வரும் பல வினா விடைச் செயலிகள் வேகத்துக்குப் புள்ளி கொடுத்து, முதல் மூன்று இடத்தைத் திரையில் போட்டு ஆரவாரம் செய்வதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. கொலம்பியாவில் கவனமாக வெளியே வைத்த அந்த அச்சத்தை அவை திரும்ப உள்ளே அழைத்து வருகின்றன. மெதுவாக யோசிக்கும் பிள்ளை இரண்டு முறை கடைசி இடத்தில் தன் பெயரைப் பார்த்தால், மூன்றாவது முறை யோசிப்பதை விட்டுவிட்டு ஏதோ ஒன்றை அழுத்தும்.

அதே விதி, எதிர்த் திசையில்

கொலம்பியாவில் கருவி பிள்ளையைத் தேட வைத்தது. தேடும் வேலையைக் கருவியே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் இப்போது ஒரு சான்று இருக்கிறது. துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில், ஏறக்குறைய ஆயிரம் மாணவர்களை வைத்து, கணிதப் பாடத்தில் ஒரு சோதனை நடந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் நடந்த அதன் முடிவு 2025-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வந்தது. ஒரு பகுதியினருக்குப் பயிற்சிக் கணக்குகள் போடும்போது ஜிபிடி-4 என்ற செயற்கை நுண்ணறிவின் அரட்டை உதவியைக் கொடுத்தார்கள். எதை வேண்டுமானாலும் கேட்கலாம், விடையையும் கேட்கலாம். பயிற்சியில் அவர்கள் மதிப்பெண் 48 சதவீதம் கூடியது. அப்புறம் உதவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அந்த உதவியே கிடைக்காத மாணவர்களைவிட அவர்கள் 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். தாங்கள் குறைவாகக் கற்றோம் என்பதும் அவர்களுக்குத் தெரியவில்லை. நான்கு முறை வாசித்தவர்களிடம் பார்த்த அதே பொய்யான நம்பிக்கைதான் இங்கேயும்.

இன்னொரு பகுதியினருக்கு அதே இயந்திரத்தை வேறு விதமாக அமைத்துக் கொடுத்தார்கள். விடையைச் சொல்லாது, ஆசிரியர்கள் தயாரித்த குறிப்புகளை வைத்துக்கொண்டு துப்பு மட்டும் கொடுக்கும். பயிற்சியில் அவர்கள் மதிப்பெண் 127 சதவீதம் கூடியது. தேர்வில் சரிவு பெருமளவு இல்லாமல் போனது. ஆனால் உதவியே இல்லாதவர்களைவிட அவர்கள் மேலே போகவும் இல்லை. இந்த இரண்டாவது செய்தியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நன்றாக வடிவமைத்த துணைகூடக் கெடுதலைத் தடுத்ததே தவிர, தேர்வில் கூடுதலாக எதையும் தரவில்லை.

இரண்டு நிகழ்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எந்தக் கல்விச் செயலியைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது என்ன என்று புரியும். இதைப் பயன்படுத்தும்போது பிள்ளையின் தலைக்குள் என்ன நடக்கிறது? தேடுகிறதா, பார்த்துக்கொண்டிருக்கிறதா? படம் எவ்வளவு அழகு, குரல் எவ்வளவு இனிமை என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் கேள்விகள்.

எதைக் கேட்பது

கொலம்பியா ஆய்வுக்கும் எல்லைகள் உண்டு. அது ஒரு புறநகர்ப் பள்ளி. தேர்வுகளில் பெரும்பாலும் புத்தகத்தில் நேரடியாக உள்ள செய்திகளே கேட்கப்பட்டன. இது வெறும் மனப்பாடத்துக்குத்தானே உதவும் என்ற குறை அன்றிலிருந்தே இருக்கிறது, அதை ஒதுக்கிவிட முடியாது.

பூஜா அகர்வாலே இதை நேரடியாக எடுத்து ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார். செய்திகளைக் கேட்கும் சிறு தேர்வு ஒரு பக்கம், அந்தச் செய்தியை வைத்து யோசித்துச் சொல்ல வேண்டிய சிறு தேர்வு ஒரு பக்கம், இரண்டையும் கலந்தது இன்னொரு பக்கம். கல்லூரி மாணவர்களிடமும், கொலம்பியாவின் ஆறாம் வகுப்பிலும் சோதித்தார். செய்திகளைக் கேட்டுக் கேட்டுப் பழக்கினால், செய்திகளைக் கேட்கும் தேர்வில் நன்றாகச் செய்தார்கள். யோசிக்க வேண்டிய தேர்வுக்கு அது துணை வரவில்லை. யோசிக்க வைக்கும் சிறு தேர்வுதான் அதற்கு உதவியது. அடித்தளத்தில் செய்திகளை நிறையப் போட்டுவிட்டால் மேல்மாடி தானாக எழும் என்று நானும் நீண்ட காலம் நம்பியவன். அந்த நம்பிக்கையை இந்த ஆய்வு எனக்குள் உடைத்துவிட்டது.

இதில் எனக்குக் கவலை தருவது, யோசிக்க வைக்கும் கேள்வியைத் தயாரிப்பது எவ்வளவு கடினம் என்பதுதான். வெள்ளை நைல் எது, நீல நைல் எது என்று ஒரு நிமிடத்தில் நூறு கேள்விகளை ஓர் இயந்திரம் எழுதித் தந்துவிடும். செயலிகளில் நிரம்பிக் கிடப்பவையும் பெரும்பாலும் அப்படிப்பட்டவைதான். போன வாரம் நான் ஆறாம் வகுப்புக்கு எகிப்துப் பாடத்துக்காக ஒரே ஒரு கேள்வி எழுத உட்கார்ந்தேன். நைலில் வெள்ளம் வராமல்போன ஓர் ஆண்டில் முதலில் பதறுவது யார், உழவரா, வரி வசூலிப்பவரா, கோயில் பூசாரியா, அரசரா, ஏன்? நான்கு விடைகளும் நம்பும்படியாக இருக்க வேண்டும், ஆனால் காரணம் சொல்லச் சொன்னால் பிள்ளை வெள்ளம், வண்டல், விளைச்சல், வரி என்று நான்கையும் நினைவிலிருந்து எடுத்துக் கோக்க வேண்டும். எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. வகுப்பில் அட்டைகள் நான்கு நிறத்திலும் எழுந்தன. காரணம் கேட்க ஆரம்பித்தபோது மணி அடித்துவிட்டது. மூன்று பிள்ளைகள் மட்டும் இன்னும் கையில் அட்டையோடு நின்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.